கூலி: ஓர் ஆங்கிலச் சொல்லின் ஊர் எது?

ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள் என்றொரு பட்டியல் நம்மிடையே நெடுநாளாகப் புழங்குகிறது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. ஆங்கில அகராதிகளே தமிழ் என்று குறித்துவிடுகின்றன. அதே பட்டியலில் தவறாமல் இடம்பெறுவது 'கூலி'. தமிழில் கூலி உண்டு, ஆங்கிலத்திலும் கூலி உண்டு, உழைப்போடு தொடர்புடையது என்பதால் பொருளும் ஒன்றே. இதற்குமேல் என்ன ஆராய்ச்சி என்று தோன்றும். ஆனால் சென்ற 150 ஆண்டுகளாகச் சொற்பிறப்பு அறிஞர்கள் உடன்படாத சொற்களில் இதுவும் ஒன்று. ஆங்கிலக் கூலி தமிழிலிருந்து வந்ததா, குஜராத்தின் கோலி என்ற இனப்பெயரிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு இன்றைய அகராதிகள் பலவும் இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

இரு தரப்புச் சான்றுகளையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சொல்லின் ஒலி எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அந்தச் சொல்லுக்கு உலகம் அறிந்த பொருளை யார் கொடுத்தார்கள் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் விவாதம் இவ்வளவு நீண்டது என்பது என் கருத்து.

1. யூலும் பர்னலும் சொன்னது

இந்த விவாதத்தின் மையத்தில் இருப்பது 'ஹாப்சன்-ஜாப்சன்'. ஹென்றி யூலும் ஆர்தர் கோக் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் அது. 1903-இல் வில்லியம் குரூக் அதை விரிவாக்கிப் பதிப்பித்தார். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய எழுத்துமுறை பற்றி நூல் எழுதியவர், தமிழ் அறியாதவர் அல்லர். நூல் அச்சேறுவதற்கு நான்காண்டுகள் முன்பே, 1882-இல், அவர் இறந்துவிட்டார். இறுதி வடிவம் பெரும்பாலும் யூலின் கையில் உருவானது.

கூலி என்ற பதிவில் அந்நூல் எடுக்கும் நிலைப்பாடு இதுதான்: சொல்லின் மூலம் ஓர் இனப்பெயர். மேற்கிந்தியாவில், குறிப்பாகக் குஜராத்திலும் கொங்கணத்திலும், வாழும் கோலி மக்களின் பெயரே இது. அவர்கள் நெடுங்காலமாகச் சுமைதூக்கும் வேலையும் கடைநிலை வேலைகளும் செய்துவந்ததால் அவர்கள் பெயரே அந்த வேலைக்குப் பெயரானது. இதற்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் இணையையும் காட்டுகிறார்கள். போரில் பிடிபட்டு விற்கப்பட்ட ஸ்லாவ் இனத்தவரின் பெயரே ஆங்கிலம் உள்ளிட்ட பல மொழிகளில் அடிமையைக் குறிக்கும் சொல்லானது அல்லவா? கோலி என்பதும் அப்படித்தான் என்கிறார்கள்.

தென்னிந்தியாவில் ஊதியம் என்ற பொருளில் கூலி என்று ஒரு சொல் இருப்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஹோரேஸ் ஹேமன் வில்சன் 1855-இல் வெளியிட்ட நீதி, வருவாய்த்துறைச் சொற்கோவையில் அதையே மூலமாகக் கொண்டார் என்பதையும் பதிவுசெய்கிறார்கள். ஆனால் அதைத் தங்கள் விளக்கத்தைச் 'சிக்கலாக்கும்' செய்தியாகவே பார்க்கிறார்கள். குரூக்கின் பதிப்பில் இன்னொரு குறிப்பும் சேர்ந்தது: சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராயிருந்த குஸ்தாவ் ஓப்பெர்ட், கோலித் தொடர்பை மறுத்து, கிழக்குக் கடற்கரையில் இருந்த ஆங்கிலேய வணிகக் கிடங்குகளில்தான் இச்சொல் பிறந்தது என்று எழுதியிருந்தார். ஓப்பெர்ட்டின் கருத்து அந்தப் பதிவில் பகர அடைப்புக்குள் ஒரு வாக்கியமாக நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்தவரையில், இந்தக் கேள்வியில் கிழக்குக் கரையின் பக்கம் முதலில் கைகாட்டியவர் அவர்தான்.

2. கோலிகள் செய்த வேலை

கோலிக் கருத்தைப் பொருந்தாது என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. இனப்பெயர் நிலைப்பெயராவது உலகெங்கும் நடந்திருக்கிறது. நம் வீட்டுக்குள்ளேயே சான்று உண்டு: பறையர் என்ற தமிழ்ச் சாதிப்பெயரை எடுத்துக்கொண்ட ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜெர்மனும் அதைச் சமூகத்திலிருந்து ஒதுக்கப்பட்ட எவருக்கும் உரிய சொல்லாக்கிவிட்டன. ஆகவே கோலி என்ற பெயர் வேலையாளைக் குறிப்பதாக மாறியிருக்க வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. மாறியதற்குச் சான்று உண்டா என்பதே கேட்க வேண்டியது.

ஹாப்சன்-ஜாப்சன் தன் கருத்துக்கு ஆதரவாக அடுக்கியிருக்கும் பழைய மேற்கோள்களையே எடுத்துப் பார்ப்போம். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிமாவோ பொத்தேல்யு என்ற போர்த்துகீசிய அதிகாரியின் வருவாய்ப் பதிவேட்டில், பம்பாய்க் கடலோரத்தில் மீன் பிடிக்கும் கோலிகள் செலுத்தும் வரி வருகிறது. அதே காலத்து வரலாற்றாசிரியர் பாரோஸ், குஜராத் சுல்தான் பகதூர் ஷா கோலிகளை ஒடுக்கியதைச் சொல்கிறார். அங்கே அவர்கள் ஊர்களை மிரட்டிப் பணம் பறிப்பவர்கள். 1563-இல் கோவாவில் அச்சான தம் நூலில் கார்சியா தா ஓர்த்தா அவர்களைக் கொள்ளையடித்துப் பிழைப்பவர்கள் என்கிறார். இவை பகைமையோடு எழுதப்பட்ட சித்திரங்கள், அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய செய்தி வேறு. மீனவர், மலைவாசி, கொள்ளைக்காரர் என்று பல வேடங்களில் வரும் இந்தக் கோலிகள் ஓரிடத்திலும் கூலிக்குச் சுமை தூக்குபவராக வரவில்லை. 'நெடுங்காலமாக அத்தகைய வேலைகளைச் செய்துவந்தவர்கள்' என்ற யூலின் அடிப்படைக் கூற்றை அவருடைய சொந்த மேற்கோள்களே தாங்கவில்லை.

ஒலியையும் கவனிக்க வேண்டும். போர்த்துகீசியர் அந்த இனப்பெயரை எழுதும்போது ஒகரத்தையே இடுகிறார்கள்; கோலே, கொல்லே, கொல்லி என்பவை போன்ற வடிவங்கள். வேலையாளைக் குறிக்க ஆங்கிலேயர் பின்னாளில் எழுதியதோ தெளிவான ஊகாரம். ஐரோப்பியர் இந்தியப் பெயர்களை எழுதிய அழகை நினைத்தால் இதை மட்டும் வைத்து வழக்கைத் தீர்க்க முடியாதுதான். தூத்துக்குடியை 'டூட்டிகொரின்' ஆக்கியவர்களிடம் உயிரெழுத்து நேர்மையை எதிர்பார்ப்பது அதிகம். ஆனாலும் தராசில் ஒரு சிறு எடை தெற்கின் பக்கம் கூடுகிறது.

3. தமிழில் கூலி எதைக் குறித்தது

தமிழ்ச் சொல்லின் பழமைக்குப் பெரிய தேடல் தேவையில்லை. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்து 619-ஆம் குறளில், உடல் வருந்திச் செய்த முயற்சி தரும் பயன் என்ற பொருளில் கூலி வருகிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி தமிழோடு மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகியவற்றிலும் ஊதியம், வாடகை என்ற பொருளில் கூலி வழங்குவதைக் காட்டுகிறது. ஆகவே இது ஒரு பக்கத்துக் கடனல்ல, தென்னாட்டுப் பொதுச்சொத்து.

கூலம் என்றால் தானியம். தானியமாக அளக்கப்பட்டதால் கூலி என்று நம் சொல்லாய்வாளர்கள் சிலர் விளக்குவார்கள். மணிமேகலை ஆசிரியரைக் கூலவாணிகன் என்று சொல்லும் மரபும், அறுவடைக் களத்தில் மரக்கால் வைத்து நெல்லாகக் கூலி அளந்த வழக்கமும் இதற்குத் துணை. கேட்க இனிமையான விளக்கம்தான். ஆனால் ஒலி ஒப்புமையும் சமூக வழக்கமும் சேர்ந்தாலே வேர் கிடைத்துவிட்டதாகாது. நம்முடைய கேள்விக்கு அது தேவையும் இல்லை.

தேவையானது, பிற்காலப் பேச்சுவழக்கில் இச்சொல் எதனோடு ஒட்டுகிறது என்பது. நடவுக்கூலி, அறுப்புக்கூலி, தையற்கூலி, வண்டிக்கூலி, ஓடக்கூலி. நகைக்கடை விளம்பரங்கள் நாள்தோறும் காதில் ஓதும் செய்கூலி. எல்லாவற்றிலும் கூலி என்பது வேலைக்குரிய தொகை. ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர், கூலித்தொழிலாளி என்று இன்னொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும். இங்கேதான் தமிழ் மூலக் கருத்துக்கு எதிரான வலுவான தடை எழுகிறது: தொகையைக் குறித்த சொல் ஆளைக் குறிப்பதாக எப்படி மாறியது? கோலிக் கருத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அது தொடக்கத்திலிருந்தே மனிதர்களின் பெயர்.

இந்தத் தடைக்கு இரண்டு விடைகள் சொல்ல முடியும். முதலாவது, வெளிநாட்டார் வாயில் பின்னொட்டு உதிர்வது சகஜம். பாரசீகத்தில் லஷ்கர் என்றால் படை, லஷ்கரி என்றால் படையாள். ஐரோப்பியர் கப்பல்களில் வேலைசெய்த ஆசிய மாலுமிக்கு ஆங்கிலத்தில் கடைசியாக நிலைத்த பெயர் 'லாஸ்கர்'. படையின் பெயரே தனியாளின் பெயராகிவிட்டது. கூலியாளில் ஆள் உதிர்ந்து கூலி நின்றது என்பது அதைவிடப் பெரிய தாவலல்ல.

இரண்டாவது விடை தமிழுக்குள்ளேயே இருக்கிறது. இதை இந்த விவாதத்தில் யாரும் எடுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. கைக்கூலி என்ற சொல் முன்பு லஞ்சத்தைக் குறித்தது. தமிழ் முஸ்லிம்களிடையே வரதட்சிணைக்கு இன்றும் அதுவே பெயர். இரண்டும் பணம். ஆனால் அரசியல் மேடையில் ஒருவரை 'அன்னியரின் கைக்கூலி' என்று திட்டும்போது கைக்கூலி என்பது பணமல்ல, ஆள். தினக்கூலியும் அப்படியே: 'தினக்கூலி ஐந்நூறு ரூபாய்' என்கிறோம், 'அவர் ஒரு தினக்கூலி' என்றும் சொல்கிறோம். விகுதி எதுவும் சேராமல் ஊதியச் சொல் ஆளைக் குறிக்கும் போக்கு தமிழ் மரபுக்கு அப்பாற்பட்டதல்ல. இவை பிற்கால வழக்குகள், ஆங்கிலக் கூலியின் செல்வாக்கே இவற்றில் இருக்கலாம் என்று ஒருவர் மறுக்கலாம். தினக்கூலியைப் பொறுத்தவரை அந்த மறுப்பை ஏற்பேன். கைக்கூலிக்கு அது பொருந்தாது. சுமைதூக்குபவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் காசு வாங்கிக்கொண்டு துரோகம் செய்பவரைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் எந்த உறவும் இல்லை.

4. கிழக்குக் கரை

இனி ஆங்கில ஆவணங்கள். வில்லியம் புரூட்டன் என்ற ஆங்கிலேயர் 1633-இல் மசூலிப்பட்டணத்திலிருந்து கடல்வழியாக ஒடிசாவுக்குப் போன ஒரு வணிகக் குழுவில் இருந்தார். அந்தப் பயணக் கதை 1638-இல் அச்சானது. தங்கள் சாமான்களைச் சுமக்க உள்ளூர்த் தலைவர் ஒருவர் ஆட்கள் தந்ததைச் சொல்லும்போது அவர்களைக் 'கவ்லர்' என்பது போன்ற ஒரு வடிவில் எழுதி, 'அதாவது சுமைதூக்குவோர்' என்று விளக்கமும் தருகிறார். விளக்கம் தேவைப்பட்டதிலிருந்து, லண்டன் வாசகருக்கு அப்போது அது அறிமுகமில்லாத சொல் என்று தெரிகிறது. ஈற்றில் நிற்கும் 'அர்' என் கவனத்தை ஈர்க்கிறது. தொழில் செய்பவரைக் குறிக்க ஆங்கிலம் சேர்க்கும் விகுதி அது. கூலி என்பதைத் தொகையாகவோ வேலையாகவோ கேட்ட புரூட்டன், ஆளைக் குறிக்கத் தம் மொழி விகுதியை ஒட்டிக்கொண்டாரோ என்று ஊகிக்கத் தோன்றுகிறது. ஊகம்தான். ஆனால் இடம் ஊகமல்ல: மசூலிப்பட்டணம் தெலுங்குக் கடற்கரைத் துறைமுகம், ஆங்கிலேயர் அங்கே 1611 முதல் இருந்தார்கள். கோலிகள் வாழும் பகுதி அங்கிருந்து தீபகற்பத்தின் மறுகோடி.

அடுத்தது சென்னை. செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்கு இடம் கிடைத்தது 1639-இல். டால்பாய்ஸ் வீலர் பழைய சென்னைப் பதிவுகளிலிருந்து எடுத்து வெளியிட்டவற்றில் 1680-ஆம் ஆண்டு உத்தரவொன்று இருக்கிறது: தமுக்கடித்துக் கூலிகள், தச்சர்கள் முதலானோரைக் கூப்பிடச் சொல்கிறது. இங்கே விளக்கம் இல்லை. தச்சரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு தொழிற்பிரிவாகக் கூலி ஆகிவிட்டது. புரூட்டனுக்கும் இந்த உத்தரவுக்கும் இடையில் அரை நூற்றாண்டுகூட இல்லை.

மேற்குக் கரையில் இருந்து வரும் முக்கியச் சான்று மருத்துவர் ஜான் பிரையருடையது. 1670-களில் இங்கே பயணம் செய்து 1698-இல் நூல் வெளியிட்டவர். ஓரிடத்தில் ராம்நகர்ப் பக்கத்துக் காட்டுவாசிகளைக் கூலிகள் என்கிறார். அவர்கள் கோலிகள் என்பதில் சந்தேகமில்லை. இன்னோரிடத்தில் நகரத்துக் கடைநிலை ஏவலாட்களோடு சேர்த்து வேறு சிலரையும் கூலிகள் என்கிறார். எழுத்துக்கூட்டல் இரண்டுக்கும் ஒன்றே. யூல் தரப்புக்கு இது வெற்றி போலத் தெரியும். ஆனால் பிரையர் இந்தியாவில் முதலில் இறங்கியது மசூலிப்பட்டணத்தில். பிறகு சென்னை, மலபார், அதன்பிறகே பம்பாய். வேலையாளைக் கூலி என்று சொல்லும் பழக்கம் கிழக்குக் கரையில் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. ஒலி நெருங்கிய இரண்டு சொற்கள் மேற்குக் கரையில் சந்தித்து ஒன்றாகத் தோற்றமளித்த தருணத்தையே அவர் நூல் பதிவுசெய்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

போர்த்துகீசியரின் மேற்குக் கரைத் தொடர்பை வைத்து இச்சொல்லைக் குஜராத்தோடு பிணைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். போர்த்துகீசியர் முதலில் வேரூன்றியது கொச்சியில். மலையாளத்தில் கூலி உண்டு. கோவாவின் தெற்கு எல்லையைத் தாண்டினால் கன்னடக் கரை. அங்கும் கூலி உண்டு. முத்துக்குளித்துறையிலும் மயிலாப்பூரிலும் நாகப்பட்டினத்திலும் அவர்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். மேற்குக் கரை என்றாலே குஜராத் என்று எடுத்துக்கொண்டால்தான் யூலின் புவியியல் செல்லும்.

அதே கண்டிப்பை நம் பக்கமும் காட்ட வேண்டும். கிழக்குக் கரைச் சான்று தெலுங்கு நாட்டிலும் தொடங்குகிறது. தமிழ் என்று மட்டும் எழுதிவிட்டு அமைதிகொள்ள முடியாது. ஒலி ஒத்தாலே தமிழ் என்று துள்ளுவது எவ்வளவு ஆபத்து என்பதற்குக் 'காசு' நல்ல எச்சரிக்கை. கம்பெனிக் காலச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தச் செப்புக்காசைக் குறித்த ஆங்கிலச் சொல் காசிலிருந்து வந்தது, உண்மை. ரொக்கம் என்ற பொருளில் உலகமே சொல்லும் 'கேஷ்' அதுவல்ல. பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. ஒரே எழுத்துக்கூட்டல், இரண்டு பிறப்பு.

5. பக்கவழிகள்

வேறு மொழிகளை மூலமாகச் சொல்வோரும் உண்டு. துருக்கி மொழியில் குல் என்றால் அடிமை. உருதுவில் கூலி என்பதை அழுத்தமான ககரத்தோடு எழுதுவதற்கு இந்தச் சாயலே காரணமாகலாம். ஆனால் துருக்கிச் சொல் இந்தியாவில் புழங்கியது சுமைதூக்குபவரிடம் அல்ல, அரண்மனையில். ஐதராபாத்தை நிறுவிய முகமது குலி குதுப் ஷாவின் பெயரில் இருக்கும் குலி அதுதான். சீன மொழியில் கூலி என்பதைத் 'துன்பம்', 'வலிமை' என்ற பொருளுள்ள இரண்டு எழுத்துகளால் எழுதுவார்கள். அதைக் கண்டு, சீனமே மூலம் என்று நம்புவோர் இன்றும் உண்டு. அது வந்த சொல்லுக்குச் சீனர் தைத்த சட்டை. பொருத்தமாக அமைந்துவிட்டது, அவ்வளவே.

6. சட்டத்தின் கூலி

1680-இன் சென்னைக் கூலி இன்னும் இழிசொல்லல்ல. தச்சருக்குப் பக்கத்தில் நிற்பவர். அவரை வேறொருவராக்கியது 19-ஆம் நூற்றாண்டு.

பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை 1834 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'அட்லஸ்' கப்பல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு மொரீஷியஸ் சேர்ந்தது. 1920 வரை அங்கே இறங்கியவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம். அவர்கள் இறங்கிய படித்துறையின் பழைய பெயரே 'கூலி காட்'. இன்று அது 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் உலக மரபுச் சின்னம். 1838-இல் 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' கப்பல்கள் பிரிட்டிஷ் கயானாவுக்கு ஆட்களை இறக்கின. ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர், பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன். அப்படி இறக்கப்பட்டவர்களில் பலர் சோட்டா நாக்பூர் பழங்குடியினர். ஆவணங்களில் 'மலைக் கூலிகள்'. அந்தப் பகுதி மக்களைக் கோல் என்று ஆங்கிலேயர் அழைத்தது குழப்பத்தை இன்னும் கூட்டியது. அவர்கள் கோலிகளல்லர், தென்னாட்டினரும் அல்லர். சொல் தன் ஊரை விட்டு முழுவதுமாகக் கிளம்பிவிட்டதன் அடையாளம் இது.

1860 நவம்பர் 16-இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் சேர்ந்தது. 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்தது மொழி வரலாற்றில் கூர்ந்து பார்க்கத்தக்கது. டிரான்ஸ்வாலின் 1885-ஆம் ஆண்டு 3-ஆம் எண் சட்டம், ஆசிய இனத்தவர் எவரெவர் என்று வரையறுக்கும்போது, கூலிகள், அரபிகள், மலாய்க்காரர்கள், துருக்கிப் பேரரசின் முகமதியக் குடிகள் என்று அடுக்குகிறது. மற்ற மூன்றும் மக்களினப் பெயர்கள் அல்லது குடியுரிமை. அந்த வரிசையில் கூலியும் ஓர் இனமாகிவிட்டது. கோலி என்ற இனப்பெயர் தொழிற்பெயரானது என்று யூல் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தென்னாப்பிரிக்காவில் தொழிற்பெயர் ஒன்று இனப்பெயராகிக்கொண்டிருந்தது.

1893-இல் டர்பனில் இறங்கிய காந்தி, தாம் 'கூலி பாரிஸ்டர்' ஆனதைச் சுயசரிதையில் சொல்கிறார். வணிகர் கூலி வணிகர், வழக்கறிஞர் கூலி வழக்கறிஞர். ஊதியத்துக்கும் இச்சொல்லுக்கும் எந்த உறவும் மிச்சமில்லை. அதே பகுதியில் இன்னொரு தமிழ்ச் செய்தியும் உண்டு. தமிழர் பெயர்களின் ஈற்றில் 'சாமி' வருவதைக் கேட்ட வெள்ளையர், இந்தியர் எவரையும் 'சாமி' என்றே கூப்பிட்டார்கள். சாமி என்றால் எஜமானன், நான் உங்கள் எஜமானன் அல்லவே என்று சில இந்தியர் திருப்பிக் கொடுப்பார்களாம். கூலிக்கு அப்படியொரு பதிலடி கிடைக்கவில்லை.

மற்ற நாடுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1862-இல் கலிபோர்னியா, வெள்ளையரின் சுதந்திர உழைப்பைச் சீனக் கூலி உழைப்பிலிருந்து காப்பதற்கென்றே பெயரிட்டு, சீனர் தலையில் மாதம் இரண்டரை டாலர் வரி விதித்தது. டச்சுக்காரர் 1880-இல் சுமத்திராவின் கிழக்குக் கரைக்கு ஒரு 'கூலிச் சட்டம்' இயற்றினார்கள். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளிக்கு அதில் சிறைத்தண்டனை உண்டு. சிவில் வழக்காக இருக்க வேண்டிய ஒன்று குற்றவியல் வழக்கானது.

இலங்கை மலையகம் தனித்துப் பார்க்க வேண்டியது. அங்கே தொழிலாளி பேசியதும் தமிழ். அவருடைய தமிழ் வாயில் கூலி என்றால் சம்பளம். துரையின் ஆங்கில வாயில் கூலி என்றால் அந்தத் தொழிலாளியே. ஆளெண்ணும் ஒரே பெரட்டுக்களத்தில் ஒரே சொல் இரண்டு பொருளில் ஒலித்தது. 1915-இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் தோட்டத் துரைமாருக்காக வெளியிட்ட மொழிக் கையேட்டின் பெயர் 'கூலித் தமிழ்'. அதற்கு முன்பே ஏ. எம். பெர்குசன் தயாரித்த சின்னதுரைமாருக்கான கையேட்டின் தலைப்பு 'இங்கே வா!' ஒரு மொழியைக் கற்பிக்கும் புத்தகம் ஏவல் வினையைத் தலைப்பாகக் கொண்டிருப்பதே அந்த மொழி எதற்காகக் கற்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். இன்னொரு பக்கம், கங்காணியின் ஆட்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று எழுதிய 'துண்டு' ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியது. புதிய துரை அந்தக் கடனைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்வார். 1921 வரை இந்த முறை நீடித்தது. கூலி கைக்கு வருவதற்கு முன்பே அது கடனாகக் கழிந்திருக்கும். கூலி இல்லாத கூலி என்பது அங்கே சொல் விளையாட்டல்ல, கணக்குப் புத்தகம்.

7. திரும்பி வந்த சொல்

இச்சொல்லைச் சுமந்தவர்களின் வாரிசுகள் அதை ஒரே விதமாக எதிர்கொள்ளவில்லை. கயானாவின் ராஜ்குமாரி சிங் 1973-இல், நான் ஒரு கூலி என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதினார். மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி 1992-இல் 'கூலித்துவம்' என்ற கருத்தை முன்வைத்தார். கயானாவில் பிறந்த கைத்ரா பகதூர், ஒப்பந்தத் தொழிலாளியாகப் போன தம் கொள்ளுப்பாட்டியின் வரலாற்றுக்கு 2013-இல் 'கூலிப் பெண்' என்று பெயரிட்டார். தென்னாப்பிரிக்காவிலோ அது இன்றும் வாயில் எடுக்கக்கூடாத வசை. இலங்கையில் நம்மவர்கள் அதை மீட்டெடுக்க முயலவில்லை. 'மலையகத் தமிழர்' என்று தமக்குத் தாமே வேறொரு பெயரிட்டுக்கொண்டார்கள். எது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

தமிழ்நாட்டில் ஆங்கிலக் கூலி ரயில் நிலையம் வழியாகத் திரும்பி வந்தது. சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையும் அணிந்தவரை 'கூலி' என்று கூப்பிடும்போது நாம் பேசுவது குறளின் சொல்லல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து திரும்ப வாங்கிய சொல். 2016 ரயில்வே நிதிநிலை அறிக்கை அவர்களுக்குச் 'சகாயக்' என்று பெயர் மாற்றம் அறிவித்தது. நடைமேடையில் பெயர் மாறவில்லை. 2025-இல் ரஜினிகாந்த் நடித்து வெளிவந்த 'கூலி' படத்தின் தலைப்பும் ஆளைக் குறிப்பதே என்பதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை எவருக்கும் வரவில்லை.

இந்தச் சான்றுகளைக் கொண்டு நான் வந்தடையும் முடிவு: ஆங்கிலக் கூலியின் அடி தென்னாட்டு மொழிகளின் ஊதியச் சொல்லே. கிழக்குக் கரை வணிகத் தலங்களில் அது ஆளைக் குறிப்பதாக மாறியது. கோலி என்ற இனப்பெயர் பிறகு மேற்குக் கரையில் அதோடு வந்து கலந்தது. மூலம் தமிழா தெலுங்கா என்று பிரித்துச் சொல்ல இங்கே பார்த்த ஆங்கிலச் சான்றுகள் போதமாட்டா. அதற்கு வேறு இடங்களில் தேட வேண்டும். 1679-இல் அம்பழக்காட்டில் அச்சான அந்தாவோ தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியைத் தனிநாயகம் அடிகள் 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார்; அதன் மறுபதிப்பு 1966-இல் கோலாலம்பூரில் வந்தது. பழவேற்காட்டு டச்சுப் பதிவுகளும் தரங்கம்பாடி டேனிஷ் பதிவுகளும் இருக்கின்றன. செயிண்ட் ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அச்சுத் தொகுதிகளாகவே கிடைக்கின்றன. போர்த்துகீசியமோ டச்சோ படித்த இளம் தமிழ் ஆய்வாளர் ஒருவர் இந்த ஒரு சொல்லை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு இவற்றில் இறங்க வேண்டும். ஹாப்சன்-ஜாப்சன் பதிவைத் திருத்தி எழுதும் பொறுப்பை இனியும் லண்டனுக்கு விட்டுவைக்க வேண்டியதில்லை.